நரம்பணுக்கள் தூது விடுவது எப்படி?

தமிழில் உயிரும் உயிரும் நேரே புணர்வதில்லை. குற்றியலுகரம் கெட்டுப் புணரும் இடங்களை ஒதுக்கிவிட்டால், நிலைமொழியின் ஈற்றில் ஓர் உயிரும் வருமொழியின் முதலில் ஓர் உயிரும் நிற்கும்போது, இடையே யகரமோ வகரமோ தோன்றி அவற்றைச் சேர்த்து வைக்கின்றது. மணி என்பதும் அடித்தான் என்பதும் சேர்ந்து மணியடித்தான் என்று ஆவது இவ்வாறேயாம். இடையில் தோன்றிய யகரத்தை உடம்படுமெய் என்று இலக்கண நூலார் வழங்குவர். உடம்படாத இரண்டை உடம்படச் செய்வது அதன் தொழில்.

நம் மூளைக்குள்ளும் இதனை ஒத்ததொரு புணர்ச்சி ஓயாமல் நடைபெற்று வருகின்றது. மனித மூளையில் நரம்பணுக்கள் எனப்படும் உயிரணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி உள்ளன என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுள் ஒவ்வொன்றும் பிற நரம்பணுக்களோடு பெரும்பாலும் ஆயிரக்கணக்கான இடங்களில் உறவு கொண்டுள்ளது. ஆயினும் அவ்விடங்களில் ஓர் அணு மற்றோர் அணுவோடு ஒட்டி ஒன்றாகிவிடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி ஒன்று உள்ளது. செய்தி அந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டும். கடப்பதற்கு ஒரு தூது வேண்டும்.

அத்தூது யாது, அஃது எவ்வாறு விடுக்கப்படுகின்றது என்று கண்டறிய அறிஞர்கள் நூறாண்டுக் காலம் உழைத்தனர். அந்த இடைவெளி இயற்கை செய்த பிழை அன்று, நாம் கற்பதும் நினைவில் வைப்பதும் பெரும்பாலும் அவ்விடத்தைச் சார்ந்தே நிகழ்கின்றன என்னும் உண்மையும் அவ்வுழைப்பினால் விளங்கியது. பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியப் பெருமக்கள் இதனை அறிந்துகொள்வது பயனுடையது ஆகும்.

வலையா, தனித்தனி அணுக்களா?

மூளையின் ஒரு துண்டினை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தால், எண்ணற்ற இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எது எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்று பிரித்தறிதல் அரிது. இத்தாலிய அறிஞர் கமில்லோ கோல்கி 1873ஆம் ஆண்டில் வெள்ளி உப்பினைக் கொண்டு சாயமேற்றும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். அம்முறையில் நூற்றுக்கு மிகச் சில அணுக்களே சாயம் ஏற்கும். ஆனால், ஏற்ற அணு வேர்முதல் நுனிவரை கன்னங்கரேலென்று தெளிவாகத் தெரியும். இழைகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலை என்பது கோல்கியின் கொள்கை.

ஸ்பெயின் நாட்டு அறிஞர் சாந்தியாகோ ரமோன் இ காஹால் 1887 முதல் அதே சாயமுறையைத் திருத்திப் பயன்படுத்தி வந்தார். அவர் கண்டதோ வேறு. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தன்மை உடையது. அதன் இழைகள் மற்றோர் அணுவின் அருகே சென்று நின்றுவிடுகின்றன. உள்ளே புகுந்து கலப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். 1906ஆம் ஆண்டின் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. பரிசு பெற்ற சொற்பொழிவிலேயே கோல்கி, காஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். ஒரே கருவியைக் கொண்டு ஒரே பொருளை நோக்கிய இருவர், நேர்மாறான முடிவுகளுடன் ஒரே மேடையில் நின்றனர்.

இதற்கிடையே ஆங்கில அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன், அணுவும் அணுவும் சந்திக்கும் இடத்திற்குத் தனிப்பெயர் வேண்டும் என்று கருதினார். கிரேக்க மொழிப் புலவர் ஒருவரின் கருத்துரையின்படி 1897ஆம் ஆண்டில் சினாப்ஸ் என்னும் சொல் ஆளப்பட்டது. பற்றிப் பிணைதல் என்பது அதன் மூலப்பொருள். அறிவியல் சொல் ஒன்றினை ஆக்குவதற்கு உடலியலார் மொழிப் புலவரை நாடினர் என்பது நாம் கருதத்தக்கது. இக்கட்டுரையில் அதனை நரம்புச் சந்தி என்று குறிப்போம். எழுத்துகள் புணர்வதையும் சாலைகள் கூடுவதையும் சந்தி என்று வழங்கும் நமக்கு இச்சொல் புதிதன்று.

மின்னணு நுண்ணோக்கி வந்த பின்னர், 1950களில் இந்த வழக்குத் தீர்ந்தது. மூளையின் நரம்புச் சந்தியில் இடைவெளி இருப்பது கண்ணுக்குப் புலனாயிற்று. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அதன் அகலம். காஹால் கூறியது மெய்யாயிற்று. ஆனால் அதனைக் காண அவர் உயிரோடு இல்லை.

பொறியா, சாறா?

ஓர் அணுவுக்குள் செய்தி மின் துடிப்பாகச் செல்கின்றது. ஆக்ஸான் எனப்படும் நீண்ட இழையின் வழியே அத்துடிப்பு ஓடுகின்றது. விரைவான நரம்புகளில் விநாடிக்கு நூறு மீட்டர் தொலைவும் கடக்கும். ஆக்ஸானின் முனைக்கு வந்த துடிப்பு, இடைவெளியை எவ்வாறு தாண்டுகின்றது? மின்பொறியாகவே தாவிவிடுகின்றது என்றனர் ஒரு சாரார். இல்லை, முனையிலிருந்து ஓர் இரசாயனப் பொருள் சுரந்து, நீரில் பரவி அக்கரை சேர்கின்றது என்றனர் மற்றொரு சாரார். இப்பூசலைப் பொறிக் கட்சிக்கும் சாற்றுக் கட்சிக்கும் நடந்த போர் என்று அறிவியல் வரலாற்றார் வேடிக்கையாகக் கூறுவர்.

சாற்றுக் கட்சிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரத்துப் பேராசிரியர் ஆட்டோ லோவி. அவர் 1921ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை மிக எளியது. இரண்டு தவளைகளின் இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டார். முதல் இதயத்தோடு இணைந்திருந்த வேகஸ் நரம்பினை மின்சாரத்தால் தூண்டினார். அந்நரம்பு இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவது. ஆகவே முதல் இதயம் மெதுவாகத் துடித்தது. பின்னர் அந்த இதயத்தில் நிறைந்திருந்த கரைசலை எடுத்து இரண்டாம் இதயத்தில் விட்டார். நரம்பு எதனாலும் தூண்டப்படாத இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடிக்கலாயிற்று! மின்சாரம் கரைசலில் தங்கியிருக்க இயலாது. நரம்பு விடுத்த பொருள் ஒன்றே தங்கியிருத்தல் வேண்டும். இச்சோதனை தமக்குக் கனவில் தோன்றியது என்று லோவி பிற்காலத்தில் கூறினார்.

அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆங்கில அறிஞர் ஹென்றி டேல் 1914ஆம் ஆண்டிலேயே அதன் இயல்புகளை ஆராய்ந்து எழுதியிருந்தார். டேலும் லோவியும் 1936ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். யூதராகிய லோவி, 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைக்கொண்டபோது சிறையிடப்பட்டார். நோபல் பரிசுப் பணத்தை அவர்களிடம் ஒப்படைத்த பின்னரே நாட்டைவிட்டு வெளியேற விடப்பட்டார்.

இதயம் ஒத்துக்கொண்டது; மூளையும் தண்டுவடமும் ஒத்துக்கொள்ளுமா? ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் எக்ல்ஸ் பொறிக் கட்சியின் தலைவராய் நின்றார். மைய நரம்பு மண்டலத்தில் அவ்வளவு விரைவாக நடைபெறும் வேலையை இரசாயனப் பொருள் செய்ய முடியாது என்பது அவர் வாதம். தம் கொள்கை பொய்யாகும் வழி எதுவோ அவ்வழியிலேயே அதனைச் சோதித்துப் பார்க்குமாறு மெய்யியலறிஞர் கார்ல் பாப்பர் அவரைத் தூண்டினார். 1951ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் டனீடன் நகரில், எக்ல்ஸும் அவர் துணைவர்களும் பூனையின் தண்டுவடத்து நரம்பணு ஒன்றினுள் நுண்ணிய மின்முனையைச் செலுத்தி அளந்தனர். அணுவை அடக்கும் செய்தி வரும்போது மின்னழுத்தம் எத்திசையில் மாறும் என்று எக்ல்ஸின் கொள்கை கூறியதோ, அதற்கு எதிர்த்திசையில் மாறியது. எக்ல்ஸ் அன்றே தம் கொள்கையைக் கைவிட்டு எதிர்க் கட்சியில் சேர்ந்தார். அதன்பின் அவர் செய்த பணிக்காக 1963ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார்.

நேரே மின்சாரத்தால் உறவு கொள்ளும் நரம்புச் சந்திகளும் சில உண்டு என்பது 1950களின் இறுதியில் நிறுவப்பட்டது. எனினும், நம் மூளையின் சந்திகளுள் மிகப் பெரும்பாலானவை இரசாயனத் தூதினையே நம்பியிருக்கின்றன. அவ்வாறு தூது செல்லும் பொருள்களை நரம்புணர்வு கடத்திகள் என்று பாடநூல்கள் கூறும். நாம் அவற்றைத் தூதுப்பொருள்கள் என்றே சுருக்கமாக அழைப்போம்.

பொட்டலம் பொட்டலமாக

தூதுப்பொருள் விடுக்கப்படும் முறையைக் கண்டவர் பெர்னார்டு காட்ஸ் என்பவர். செருமனியின் லைப்சிக் நகரில் பிறந்த யூதராகிய அவர், 1935இல் அந்நாட்டைவிட்டு வெளியேறி இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை அடைந்தார். தவளையின் தசையில் நரம்பு வந்து முடியும் இடத்தை அவரும் பால் ஃபாட் என்பவரும் ஆராய்ந்தனர். நரம்பினைத் தூண்டாமல் சும்மா விட்டிருந்த வேளையிலும், தசையணுவில் சின்னஞ்சிறு மின்மாற்றங்கள் அவ்வப்போது தோன்றக் கண்டனர். ஒவ்வொன்றும் ஒரு வோல்ட்டில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. அவை ஒழுங்கின்றி, சராசரியாக விநாடிக்கு ஒன்று என்ற அளவில் வந்துகொண்டிருந்தன. கருவியின் கோளாறு என்று தள்ளிவிடத்தக்க இச்சிறு நடுக்கத்தை அவர்கள் தள்ளிவிடவில்லை.

பின்னர்க் காட்ஸும் ஹோசே டெல் காஸ்தியோவும் 1954ஆம் ஆண்டில் மற்றொரு சோதனையை வெளியிட்டனர். நரம்பினைச் சூழ்ந்த கரைசலில் கால்சியத்தைக் குறைத்து, மக்னீசியத்தைக் கூட்டினர். அப்போது நரம்பின் தூது மிகவும் தளர்ந்துபோயிற்று. ஆயினும் அஃது ஒரே சீராகத் தேய்ந்து செல்லவில்லை. ஒரு துடிப்புக்கு மறுமொழியே இல்லை, அடுத்த துடிப்புக்கு முன்சொன்ன சிறு மாற்றத்தின் அளவுக்கே மறுமொழி, மற்றொன்றுக்கு அதைப்போல் இருமடங்கு, வேறொன்றுக்கு மும்மடங்கு. ஒன்றரை மடங்கினை ஒட்டிய மறுமொழிகள் குறைவாகவே கிடைத்தன.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். ஒருவர் தம் பையில் பத்துக் காசு நாணயங்களை மட்டுமே வைத்திருக்கின்றார். அவர் கொடுக்கும் தொகை பத்துக் காசாகவோ, இருபது காசாகவோ, முப்பது காசாகவோ இருக்குமேயன்றிப் பதின்மூன்று காசாக இருத்தல் இயலாது. கொடுக்கும் தொகைகளைப் பார்த்தே, அவர் பையைத் திறவாமலே, உள்ளிருக்கும் நாணயம் எதுவென்று கூறிவிடலாம். காட்ஸ் செய்ததும் இதுவே. நரம்பு தன் தூதுப்பொருளை நீர்போல் ஒழுகவிடுவதில்லை. அளந்து கட்டிய பொட்டலங்களாகவே விடுகின்றது. ஒவ்வொரு பொட்டலத்திலும் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் சில ஆயிரம் அடங்கியுள்ளன. இயல்பான நிலையில் தசைக்கு வரும் ஒரு நரம்புத் துடிப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட பொட்டலங்களை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுகின்றது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மின்னணு நுண்ணோக்கியும் அப்பொட்டலங்களைக் கண்டுகொண்டது. ஆக்ஸானின் முனையில் உருண்டையான நுண்பைகள் குவிந்து கிடந்தன. இருபத்தையாயிரம் பைகளை ஒரு வரிசையில் அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் ஆகும். கணக்கினால் ஊகித்த பொருளும் கண்ணால் கண்ட பொருளும் ஒன்றே என்று கொள்ள இடம் ஏற்பட்டது. காட்ஸுக்கு 1970ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

கால்சியம் இடும் கட்டளை

நுண்பைகள் எப்போதும் ஆயத்தமாக உள்ளன. ஆனால் கட்டளை வந்தால்தான் அவிழ்கின்றன. கட்டளை இடுவது கால்சியம். சுண்ணாம்பிலும் நம் எலும்பிலும் உள்ள அதே தனிமம்தான் இது. நரம்பு முனைக்கு வெளியேயுள்ள நீரில் கால்சியம் மிகுதி. உள்ளேயோ அதில் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்கே உண்டு. முனையின் மெல்லிய சவ்வில் கால்சியத்துக்கென்றே அமைந்த வாயில்கள் இருக்கின்றன. மின் துடிப்பு வந்து சேர்ந்தவுடன் அவை திறக்கின்றன. வெளியே காத்திருந்த கால்சியம், மதகு திறந்ததும் பாயும் வெள்ளம்போல் உள்ளே விரைகின்றது. அது புகுந்த பின், ஒரு விநாடியை ஐயாயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஆகும் நேரத்திற்குள்ளேயே நுண்பை திறந்துவிடக்கூடும்.

பை திறக்கும் அந்தக் கணத்தைப் படம் பிடிக்க முடியுமா? ஜான் ஹூசர், தாமஸ் ரீஸ் ஆகிய அமெரிக்க அறிஞர்களும் அவர்தம் குழுவினரும் 1979ஆம் ஆண்டில் அதனைச் செய்து காட்டினர். திரவ ஹீலியத்தால் குளிரூட்டப்பட்ட செப்புக் கட்டியின் மீது, நரம்போடு கூடிய தவளைத் தசையைத் தூண்டிய சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் மோதச் செய்தனர். தசை அந்நொடியே உறைந்தது. அதனை நோக்கியபோது, நுண்பைகள் முனையின் சவ்வோடு ஒன்றி வெளிப்புறமாக வாய் திறந்து நிற்கும் காட்சி தெரிந்தது.

நான்கு புரிக் கயிறு

ஒரு பையின் சவ்வு மற்றொரு சவ்வோடு தானாக ஒன்றிவிடாது. அவற்றை வலிந்து நெருக்கும் பொறி ஒன்று தேவை. அதனைக் கண்டறிந்த வரலாறு, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்டில் தொடங்குகின்றது. அமெரிக்க அறிஞர் ராண்டி ஷெக்மன், பைகளை உரிய இடத்திற்குக் கொண்டு செல்லத் தேவையான மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டார். ஜேம்ஸ் ராத்மன், சவ்வுகளை இணைக்கும் ஸ்னேர் என்னும் புரதக் கூட்டத்தைக் கண்டார். செருமனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் தாமஸ் சூடாஃப், கால்சியத்தை உணர்ந்து பையைத் திறக்கச் செய்யும் சினாப்டோடேக்மின் என்னும் புரதத்தை விளக்கினார். மூவரும் 2013ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பொறி இயங்கும் விதம் இது: நுண்பையின் மீது சினாப்டோபிரெவின் என்னும் புரதம் நீட்டிக்கொண்டிருக்கின்றது. முனையின் சவ்வில் சின்டாக்சின், ஸ்னாப்-25 என்னும் இரண்டு புரதங்கள் உள்ளன. முதல் இரண்டும் ஒவ்வொரு புரியும், ஸ்னாப்-25 இரண்டு புரிகளும் தர, நான்கு புரிகளும் சேர்ந்து கயிறுபோல் முறுக்கிக்கொள்கின்றன. முறுக்கு ஏற ஏறப் பையானது சவ்வினை நோக்கி இழுக்கப்படுகின்றது. முழுதும் முறுகுமுன் அது நிறுத்தி வைக்கப்படுகின்றது. கால்சியம் வந்து சினாப்டோடேக்மினைப் பற்றியவுடன் தடை நீங்குகின்றது, முறுக்கு நிறைவேறுகின்றது, இரு சவ்வுகளும் ஒன்றாகி வாய் திறக்கின்றன. இவ்வாறு முன்னரே இழுத்துப் பிடித்து வைத்திருப்பதனால்தான் அத்துணை விரைவு இயல்கின்றது. வேலை முடிந்த பின்னர், கயிற்றைப் பிரித்து மீண்டும் பயன்படுத்த வேறொரு புரதம் காத்திருக்கின்றது. திறந்த பையின் சவ்வும் வீணாவதில்லை; அது மீட்கப்பட்டு, மறுபடியும் தூதுப்பொருள் நிரப்பப்படுகின்றது.

கயிற்றை அறுக்கும் நஞ்சுகள்

இவை யாவும் ஆராய்ச்சிக்கூடத்து நுணுக்கங்கள் என்று எண்ணிவிடலாகாது. இக்கயிற்றின் ஒரு புரி அறுந்தால் உயிரே போய்விடும். அழுக்கான காயத்தில் வளரும் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, சினாப்டோபிரெவினைத் துண்டித்துவிடுகின்றது. அதனால் வரும் நோயே தாடையை இறுகப் பூட்டி, உடலை வில்லாக வளைக்கும் வில்வாத நோயாகிய டெட்டனஸ். கெட்டுப்போன அடைப்பு உணவில் உண்டாகும் பாட்டுலினம் நஞ்சின் ஒருவகை, அதே புரதத்தை, அதே இடத்தில் துண்டிக்கின்றது. ஆனால் அதனால் விளையும் நோய் நேர்மாறானது. தசைகள் துவண்டு, மூச்சு விடும் ஆற்றலும் ஒழிகின்றது.

ஒரே வெட்டு, இரு வேறு விளைவு, காரணம் யாது? வெட்டும் இடத்தில் வேற்றுமை இல்லை. வெட்டப்படும் நரம்பில்தான் வேற்றுமை. பாட்டுலினம் நஞ்சு, தசையை இயக்கும் நரம்பின் முனையிலேயே தங்கி அதன் தூதினை நிறுத்துகின்றது. டெட்டனஸ் நஞ்சோ நரம்பின் வழியே தண்டுவடம் வரை சென்று, தசையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களின் வாயை அடைக்கின்றது. அடக்குவார் இன்றித் தசைகள் ஓயாமல் இறுகுகின்றன. தூண்டுவது எவ்வளவு தேவையோ, அடக்குவதும் அவ்வளவு தேவை என்பதனை இந்நோய் கொடுமையான முறையில் உணர்த்துகின்றது. டெட்டனஸைத் தடுக்கும் ஊசி உள்ளது. காலந்தவறாமல் அதனைப் போட்டுக்கொள்வோர் இக்கொடுமைக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மருத்துவர்கள் பாட்டுலினம் நஞ்சினையே மிகச் சிறிய அளவில் செலுத்தி, மாறுகண்ணையும் தசையிறுக்கத்தையும் சீர்செய்கின்றனர்.

மலாயாத் தீபகற்பத்தில் வாழும் கட்டுவிரியனின் நஞ்சும் இவ்விடத்தையே தாக்குகின்றது. அதன் ஒரு கூறு, நரம்பு முனைக்குள் புகுந்து நுண்பைகள் காலியாகும்படி முனையையே சிதைக்கின்றது. இரவில் இரை தேடும் இப்பாம்பின் கடி பெரும்பாலும் வலியற்றது. உறங்குவோர் கடிபட்டதே தெரியாமல் இருந்துவிடுவதும் உண்டு. சிதைந்த முனைகள் மீண்டும் வளரப் பல நாள்கள் செல்லும். அதுவரை செயற்கை முறையில் மூச்சு கொடுத்துக் காத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். ஆகவே, வலி இல்லை, வீக்கம் இல்லை என்று வீட்டில் காலங்கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது.

தூது முடிந்த பின்

உடம்படுமெய் சொல்லோடு நிலைத்துவிடும். தூதுப்பொருள் அவ்வாறு நிலைக்கலாகாது. செய்தியைச் சேர்த்தவுடன் அஃது அகன்றாக வேண்டும். இல்லையேல் அடுத்த செய்திக்கு இடமில்லை. அசிட்டைல்கோலினை ஒரு நொதி அங்கேயே சிதைத்துவிடுகின்றது. வேறு பல பொருள்கள், விடுத்த அணுவினாலோ அருகிலுள்ள துணையணுக்களாலோ உறிஞ்சிக்கொள்ளப்படுகின்றன. மாலத்தியான் முதலிய பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகள் அந்த நொதியையே முடக்குகின்றன. தூதுப்பொருள் தேங்கிப் பூச்சி மடிகின்றது. மனிதருக்கும் அதே நொதி உண்டு. அளவு மிஞ்சினால் எச்சில் பெருகி, கண்மணி சுருங்கி, தசை துடித்து, மூச்சு நின்றுபோகும். தோட்டத்தில் மருந்து தெளிப்போர் கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மூளையில் தூது

தசையில் ஒரு துடிப்புக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொட்டலங்கள் அவிழ்கின்றன என்றோம். மூளையின் நரம்புச் சந்தி அவ்வளவு தாராளமானது அன்று. அங்கே பல சந்திகளில், வரும் துடிப்புக்கு ஒரு பொட்டலம் அவிழ்ந்தால் உண்டு. பல வேளைகளில் அதுவும் அவிழ்வதில்லை. தூண்டும் செய்தியைப் பெரும்பாலும் குளுட்டமேட் என்னும் பொருள் சுமக்கின்றது. சமையலுக்குச் சுவையூட்டும் உப்பில் உள்ளதும் இதுவே. அடக்கும் செய்தியைக் காபா என்னும் பொருள் சுமக்கின்றது. ஓர் அணு தன்மேல் வந்து விழும் ஆயிரக்கணக்கான தூண்டல்களையும் அடக்கல்களையும் கூட்டிக் கழித்து, துடிப்பதா வேண்டாவா என்று முடிவு செய்கின்றது.

அவிழுமா, அவிழாதா என்பது உறுதியில்லை என்றால் அது குறையன்றோ என்று கேட்கலாம். உறுதியில்லாத இடத்தில்தான் மாற்றத்துக்கு இடமுண்டு. ஒரு துடிப்பை அடுத்து உடனே மற்றொரு துடிப்பு வந்தால், முதல்முறை புகுந்த கால்சியத்தின் மிச்சம் உதவ, பல சந்திகளில் இரண்டாம் முறை பொட்டலம் அவிழும் வாய்ப்புக் கூடுகின்றது. இது நொடிப்பொழுதில் மறைந்துவிடும் நினைவு. நெடுநாள் நிற்கும் நினைவுக்கும் இதுபோன்றதோர் அடிப்படை உண்டு என்று காட்டியவர் எரிக் கண்டெல். வியன்னாவில் பிறந்து, 1939இல் சிறுவனாக அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்ற அவர், அப்ளீசியா என்னும் ஓடற்ற கடல்நத்தை வகையை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிரப் பெற்றார்.

அந்த உயிரின் உடலை மெல்லத் தொட்டால் தன் செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஒரே விதமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அது பழகிப்போய், இழுப்பது குறைகின்றது. உணர்வு நரம்பின் முனை விடும் பொட்டலங்கள் குறைந்துவிடுவதே காரணம். வாலில் மின்னதிர்ச்சி ஒன்று தந்தால், அதன்பின் மெல்லிய தொடுகைக்கும் வலுவாக இழுக்கின்றது. இப்போது பொட்டலங்கள் மிகுதியாக விடப்படுகின்றன. ஓர் அதிர்ச்சியின் நினைவு சில நிமிடங்களே நிற்கும். இடைவெளி விட்டுப் பலமுறை தந்தால் நாள்கணக்கில் நிற்கும். அவ்வாறு நிற்கும்போது நரம்பணு புதிய புரதங்களை ஆக்கி, புதிய முனைகளை வளர்த்துக்கொள்கின்றது. உணர்வு நரம்பின் சந்திகள் ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியிருக்கக் கண்டனர்.

கடல்நத்தை வேறு, மனிதக் குழந்தை வேறு. நம் மூளையில் தூது விடும் பக்கம் மட்டுமன்றித் தூது பெறும் பக்கமும் பெரிதும் மாறுகின்றது. ஆயினும், கற்றல் என்பது நரம்புச் சந்திகளின் வலிமை மாறுவதாகும் என்னும் அடிப்படை இருவர்க்கும் பொது. கோல்கி நினைத்ததுபோல் மூளை ஒரே வலையாக ஒட்டியிருப்பின், செய்தி எங்கும் தடையின்றி ஓடியிருக்கும். எந்தத் தூதினை வலுப்படுத்துவது, எதனைத் தளரவிடுவது என்று தேர்ந்துகொள்ள இத்துணை இடங்கள் இருந்திரா.

ஒரே தொனியில் ஓயாது ஓதப்படும் பாடம் பிள்ளைகளின் காதில் தங்காமல் போவதையும், சில நாள் இடைவிட்டு மீண்டும் மீண்டும் நினைவூட்டிய பாடம் நிலைத்து நிற்பதையும் ஆசிரியர்கள் தம் பட்டறிவால் நன்கு அறிவர். பாடத்தை ஒரே நாளில் திணிப்பதைவிட, நாள் இடைவிட்டுத் திருப்பிப் பார்க்கச் செய்வதே நன்று என்று கல்வி ஆராய்ச்சிகளும் கூறுகின்றன. முதல்முறை கேட்ட சொல்லைப் பிள்ளை மறந்துவிட்டால் வருந்த வேண்டா. அவன் மூளையில் ஒரு சந்தி இன்னும் உறுதிப்படவில்லை என்பதே பொருள். நாளை மறுபடி சொல்லிக் கொடுப்போம். அதற்கு அடுத்த வாரமும் சொல்லிக் கொடுப்போம். சந்தி உறுதிப்படுவது அவ்வாறே.